ஆளுக்கொரு காது

ஆம்ப்ளிபயர் சூடேறும்போது ஒரு வாசனை வரும். தூசி கருகுகிற வாசனைதான். ஆனால் எங்கள் வீட்டில் அதோடு பூண்டு வாசனையும் சேர்ந்துகொள்ளும். கோடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் ஊரான கூக்காலில் மற்ற வீடுகளைப்போல எங்கள் வீட்டிலும் பிடுங்கிய பூண்டைத் தண்டும் தாளுமாகக் கட்டுக்கட்டாகப் பரணில் தொங்கவிட்டிருப்போம். அதற்கு நேர் கீழே அப்பாவின் மைக் செட்டுச் சாமான்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு இருக்கும். காய்ந்த பூண்டுச் சருகு உதிர்ந்து உதிர்ந்து ஆம்ப்ளிபயரின் ஓட்டைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பா சுவிட்சைப் போட்ட இரண்டாவது நிமிடம், யாரோ ரசம் தாளிக்கிற மாதிரி வீடே மணக்கும். பாட்டுக் கேட்டால் பசியெடுக்கிற ஜன்மம் உலகத்தில் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை. எனக்கு இன்றைக்கும் பசிக்கும்.

அப்பாவுக்கு விவசாயம்தான் தொழில் என்றாலும் ஊர் அவரைச் ‘செட்டு முருகேசன்’ என்றுதான் கூப்பிடும். அந்த நாளில் எங்கள் பக்கம் போன் சிக்னல் எட்டிப் பார்த்ததில்லை. விடிந்ததும் சனங்கள் ஆளுக்கொரு சரிவில் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். ஊரில் ஒரு காரியம் என்றால் ஒவ்வொரு தோட்டமாக ஆள் அனுப்பிச் சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் சேதி சொல்லும் பொறுப்பைக் ‘குழாய்’ எடுத்துக்கொண்டது. குழாய் என்றால் ஒலிபெருக்கி, ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த அலுமினியக் குழாய். காரிய வீட்டுக் கூரையில் அதைக் கட்டி அப்பா போடுகிற முதல் பாட்டிலேயே விஷயம் விளங்கிவிடும். சாமி பாட்டு என்றால் கோயில் சோலி. நாதஸ்வரம் என்றால் கல்யாணம். சாவுக்கு மட்டும் வார்த்தையும் கிடையாது, தாளமும் கிடையாது. ஒற்றை வாத்தியம் ஒன்று மெதுவாக, நின்று நின்று ஊதுகிற பழைய கேசட் அப்பாவிடம் இருந்தது. அது கேட்டால் களைக்கொத்தைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு, சத்தம் எந்த வீட்டுக் கூரையிலிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்து, அந்தத் திசைக்கு நடக்கத் தொடங்குவார்கள். “மொதப் பாட்டுல பொய் இருக்கக் கூடாது” என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். சொன்னதை அவர் வீட்டிலேயே ஒருத்தி காதில் வாங்கவில்லை என்பதுதான் நான் எழுத வந்த கதை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, கோடைக்கானல் டவுனில் ஒரு காட்டேஜில் அறை துடைக்கிற வேலையில் இருந்தாள். தங்கிவிட்டுப் போகிறவர்கள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களை முதலாளி ஒரு வருஷம் எடுத்து வைத்திருப்பார். யாரும் கேட்டு வராவிட்டால் வேலைசெய்கிறவர்களிடமே கொடுத்துவிடுவார். பாதி தீர்ந்த சென்ட் பாட்டில், ஒரு கால் மட்டும் இருக்கும் கம்பளிச் சாக்ஸ் என்று அத்தையின் சீர்வரிசை எங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். நான் ஒன்பதாவது படிக்கும்போது தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தாள். முகப்புக் கண்ணாடி விரிசல் விட்டிருந்ததால் அதில் எழுத்து எதுவும் தெரியாது. பொத்தானை அழுத்தினால் அடுத்த பாட்டு, மறுபடி அழுத்தினால் அதற்கடுத்தது, அவ்வளவுதான். “இதுல நூத்துக்கணக்குல பாட்டு கெடக்குடி மலரு. ஆனா ஒண்ணுலயும் ஒரு வார்த்தை கெடையாது. உனக்கு ஆகுமா, தூக்கிப் போட்ரவா?” என்றாள். ஆகும் என்றேன். இலவசமாக வருவதில் எனக்கு ஆகாதது எதுவுமில்லை.

ஒரு வாரம் கேட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. கிழவன் இருமுவதுபோல ஒன்று, தண்ணீர் சொட்டுவதுபோல இன்னொன்று. தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள முடியாமல்தான் வேணியைக் கூட்டுச் சேர்த்தேன்.

கிருஷ்ணவேணி என் வகுப்பு. ஊர் ஏரிக்கு அக்கரையில், தோட்டத்துக்குள்ளேயே வீடு. அவளுடைய அப்பா ராசு மாமா எனக்குச் சொந்த மாமா இல்லை. அவரும் என் அப்பாவும் ஐந்தாம் வகுப்பில் ஒரே நாளில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்கள், அந்த உறவு. வேணிக்கு எதையும் பாதியில் விடப் பிடிக்காது. “ஒருக்காக் கேட்டுட்டு நல்லால்லன்னா எப்பிடி? மூணு தடவை கேப்போம். மூணாவது தடவையும் கடுப்பா இருந்தாத் தள்ளிருவோம்” என்று சட்டம் போட்டாள். காலையில் மன்னவனூர்ப் பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொள்வோம். காதில் மாட்டுகிற ஒயர் ஒன்றுதான். ஆளுக்கொரு காது.

ஒருநாள் இதற்காகவே சண்டை வந்தது. “என்னா தாளம்டி, கொல்றான்” என்று அவள் தொடையில் தட்டுகிறாள். எனக்கோ யாரோ ஒருவர் பியானோ வாசிப்பது மட்டும்தான் கேட்கிறது, தாளமே இல்லை. பொய் சொல்கிறாள் என்று நானும், எனக்குக் காது மந்தம் என்று அவளும் மன்னவனூர் வரும்வரை பேசாமல் வந்தோம். சாயங்காலம் திரும்பும்போது காது மாற்றிப் பார்த்த பிறகுதான் புரிந்தது: சில பாட்டுகளில் வலது காதுக்கு ஒன்றும் இடது காதுக்கு ஒன்றுமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து அந்த மாதிரிப் பாட்டுக்குப் ‘பாதிப் பாட்டு’ என்று பெயர் வைத்தோம். ஒவ்வொரு வளைவுக்கும் காது மாற்றிக்கொள்வோம். எங்கள் மலைப் பாதையில் வளைவுக்குப் பஞ்சமில்லை.

பெயர் தெரியாத பாட்டுகளுக்குப் பெயர் வைப்பதே அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் முழுநேர வேலையாக இருந்தது. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்து, நமக்கே தெரியாமல் அதற்குள் இன்னொரு சத்தம் முளைத்து, அப்புறம் அதுவும் ஓடத் தொடங்குகிற பாட்டுகள் ‘மோட்டார்’. நாலு தட்டுத் தட்டாக நெஞ்சுக்குள் இடித்துக்கொண்டு, வயலினும் கைத்தட்டலுமாக மினுக்குவது ‘சீரியல் செட்டு’. திருவிழாவில் அப்பா கட்டுகிற மின்னும் விளக்குச் சரத்தின் ஞாபகத்தில் வைத்த பெயர். ட்ரம்பெட்டோ பியானோவோ ஒரு ராகத்தைப் பிடித்துக் கிளம்பி, சோலைக்காட்டுக்குள் புகுந்து எங்கெங்கோ அலைந்து, வராது போலிருக்கிறது என்று நாம் நினைக்கும் நேரத்தில் சாவதானமாக வீடு திரும்புவது ‘வழி தப்பினது’. எலக்ட்ரானிக், டிஸ்கோ, ஜாஸ் என்று இவற்றுக்கு வேறு பெயர்கள் உண்டு என்று காலேஜில் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. எங்கள் பெயர்கள் எவ்வளவோ தேவலை.

அவளுக்கு மோட்டார் உயிர், எனக்கு வழி தப்பினது. சீரியல் செட்டில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை கிடையாது. பூண்டுக்குத் தாள் அறுக்கிற நாட்களில் எங்கள் வீட்டுக் களத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, தட்டுக்கு ஒரு பூண்டாக அறுத்துத் தள்ளுவோம். ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு கூடை நிறைந்துவிடும். என்ன மாயம் என்று அம்மா வந்து பார்ப்பாள். ஒன்றும் கேட்காது, இரண்டு பெண்கள் ஒரே மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு பூண்டு அறுப்பதுதான் தெரியும். “ரெண்டுக்கும் ஒண்ணாக் காத்துக் கருப்பு அடிச்சிருச்சு” என்பாள்.

பாட்டுப் பெட்டி ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அவளிடம். யாரிடம் இருக்கிறதோ அவள் முன்னே போய்ப் புதுசு தேடிப் பிடித்துத் திங்கட்கிழமை பஸ்ஸில் மற்றவளுக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் அதை வேறு யாருக்கும் கேட்கவிடக் கூடாது, முணுமுணுக்கக்கூடக் கூடாது. இதற்கு ‘மொதக் காது’ என்று பெயர். வேணி கண்டுபிடித்த பாட்டுக்கு மொதக் காது நான், நான் கண்டுபிடித்ததற்கு அவள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போது நான் ஜன்னலைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவேன். புருவம் மேலே போனால் பாட்டு தேறிவிட்டது என்று அர்த்தம். பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

பத்தாவது பரீட்சை நடந்த அந்தப் பங்குனியில் ஓடை வற்றிக் கிடந்தது. மேலே ஓடையில் கல்லணை கட்டி, ஆளுக்கொரு ரப்பர் ‘ஓஸ்’ போட்டு, முறை வைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது எங்கள் ஊர் வழக்கம். ராசு மாமாவின் முறை அன்று அவருடைய ஓஸ் நடுக்காட்டில் அறுந்து கிடந்தது. எங்கள் ஓஸ் பக்கத்திலேயே முழுசாகக் கிடந்தது. மிதித்தது காட்டு மாடு என்று அப்பா சொன்னார். காட்டு மாட்டுக்கு அவருடைய ஓஸ் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்ததா என்று மாமா கேட்டார். வார்த்தை வளர்ந்து, ஓடைக்கரையில் பத்துப் பேர் முன்னால் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “இன்னையோட முடிஞ்சுபோச்சு முருகேசா. நீ செத்தாக்கூட உன் வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன்.” அப்பா வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். மறுநாளிலிருந்து அக்கரைக்குப் போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அங்கே வேணிக்கும் அதே உத்தரவு. பரீட்சை முடிந்துவிட்டதால் பஸ்ஸும் இல்லை, கடைசி சீட்டும் இல்லை.

பாட்டுப் பெட்டி என்னிடம் மாட்டிக்கொண்டது. அந்த லீவில்தான், பொத்தானை அழுத்தி அழுத்திப் போய், அதுவரை நாங்கள் தொடாத இடத்தில் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்தேன். வழி தப்பினதிலேயே வழி தப்பினது. ஒரு ட்ரம்பெட், அவசரமே இல்லாமல், நின்று மூச்சு வாங்கி, யோசித்து யோசித்து ஊதுகிறது. அது நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் இன்னொரு பக்கத்திலிருந்து தாளமும் அடிநாதமும் வந்து அதைக் கிண்டல் செய்வதுபோலப் பதில் சொல்கின்றன. பாதிப் பாட்டுதான், ஆனால் வேணி இல்லாததால் முதல் தடவையாக இரண்டு காதிலும் நானே மாட்டிக்கொண்டு கேட்டேன். முழுப் பாட்டும் என்னிடம் இருந்தது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. அழுகையாக வந்தது.

மே மாதத்தில் ஒருநாள், வேணியை ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் அவள் சித்தி வீட்டுக்கு அனுப்புகிறார்கள், பதினொன்றாவது அங்கேதான் படிக்கப்போகிறாள், நாளைக்கு வெள்ளனே முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள் என்று பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி அத்தை போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் போனவர்கள் பொங்கலுக்கு வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போகிற விருந்தாளிகளாக மாறிவிடுவதை ஊரில் பார்த்திருக்கிறேன். வேணியும் அப்படி ஆகிவிடுவாள், அவளுக்கு ஒட்டன்சத்திரத்தில் வேறு மொதக் காது கிடைத்துவிடும், இந்தப் பாட்டைக் கேட்காமலே போய்விடுவாள். போவதற்கு முன்னால் எப்படியாவது கேட்க வைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அன்றைக்குப் பார்த்து வீட்டில் யாரும் இல்லை. நாலு நாளாக விடாத காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ள அப்பா காலை பஸ்ஸில் டவுனுக்குப் போயிருந்தார். நடக்க முடியாமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் பஸ் ஏறியதை ஊரே பார்த்திருந்தது. குழாய் எங்கள் கூரையிலேயே, போன திருவிழாவுக்குக் கட்டியது கட்டியபடி கிடந்தது. ஏணி போட்டு ஏறி, அதன் வாயை ஊர்ப் பக்கத்திலிருந்து ஏரிப் பக்கமாகத் திருப்பினேன். தண்ணீருக்கு மேலே சத்தம் வழுக்கிக்கொண்டு போகும் என்பது மைக் செட்டுக்காரர் மகளுக்குத் தெரியாதா? இறங்கி வந்து ஆம்ப்ளிபயரைப் போட்டேன். வீடு ரசம் மணந்தது. அப்பாவின் ஒயரைப் பாட்டுப் பெட்டியில் செருகிப் பொத்தானை அழுத்தினேன்.

குழாய்க்கு இரண்டு காது கிடையாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் ஒயர் ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும்தான் எடுக்கும். அவர் போடுகிற பாட்டுகளுக்கு அது போதும். அன்றைக்கு அது ட்ரம்பெட் பக்கத்தை எடுத்துக்கொண்டது. தாளம் இல்லை, பதில் இல்லை, ஒற்றை வாத்தியம் மட்டும் மெதுவாக, நின்று நின்று, மலை முழுக்க ஊதியது. கவனித்திருக்க வேண்டிய நானோ வாசலில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பது தடவை கேட்ட பாட்டு, மற்ற பாதி என் மண்டைக்குள் தானாக ஓடிக்கொண்டிருந்தது. என் மண்டைக்குள் ஓடியது ஊருக்கு எப்படிக் கேட்கும்? ஒரு தடவை முடிந்ததும், வேணி தோட்டத்துக்குள் இருந்திருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு தடவையும் போட்டேன்.

இரண்டாவது தடவை பாதியில் சின்னத்தாயி அத்தை தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். “அய்யோ முருகேசண்ணே, காலையில பஸ் ஏறிப் போனியேண்ணே!” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் உள்ளே ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று, பொணம் வீட்டுக்கு வந்ததும் குழாயை நிறுத்துவது வழக்கம், அது வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். சரிவுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வருவது தெரிந்தது. “அப்பா நல்லாத்தான் இருக்காரு, ஊசி போடப் போயிருக்காரு” என்று ஒவ்வொருவரிடமும் கத்தினேன். “புள்ளைக்குப் புத்தி பெரண்டு போச்சு, வெரசாத் தண்ணி குடுங்க” என்று என் முகத்தில் நீரைத் தெளித்தார்கள். சாகாத மனிதர் சாகவில்லை என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அரை மணி நேரத்தில் எங்கள் வாசல் நிறைந்துவிட்டது.

அப்புறம் ஏரிக்கரை வழியாக ராசு மாமா வந்தார். கையில், அவர் வீட்டு வாசலில் பூத்த டேலியாப் பூவை எல்லாம் பறித்துக் கட்டிய பெரிய மாலை. பின்னால் அவர் சம்சாரம், அதற்குப் பின்னால் வேணி. என்னைப் பார்த்ததும் வேணி தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டம் தானாக விலகி மாமாவுக்கு வழிவிட்டது. ஓடைக்கரையில் அவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்ததுதானே. அவர் யாரையும் பார்க்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மதிய பஸ் வந்து நின்றது அப்போதுதான். தலையில் மப்ளரும் கையில் மாத்திரைப் பையுமாக அப்பா இறங்கினார், பின்னால் அம்மா. அவர் கண்ணில் பட்டது தன் வீட்டு வாசலில் கூட்டம், பெண்கள் அழுகை. வீட்டில் விட்டுவிட்டுப் போனது என்னை ஒருத்தியைத்தான். காய்ச்சல்காரர் மாத்திரைப் பையைப் போட்டுவிட்டு, “மலரு! ஏ மலரு!” என்று மேட்டில் ஓடிவந்தார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. கூட்டம் விலகியது. என்னைக் கண்டதும் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“யாருக்கு என்னாச்சு? ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?”

மாமா துண்டை எடுத்தார். முகத்தை அழுந்தத் துடைத்திருந்தார். “உனக்குத்தான்டா ஆச்சு” என்றார்.

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு ஏரிவரைக்கும் போயிற்று. சின்னத்தாயி அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். விஷயம் என்னிடமிருந்து துண்டு துண்டாக வெளியே வந்ததும், அப்பா மாமாவைப் பார்த்தார். “செத்தாக்கூட வர மாட்டேன்னியே மச்சான்?”

“வர மாட்டேன்னுதான் சொன்னேன். நீ எங்க செத்த? அதனால நான் சொன்னது அப்படியே நிக்குது” என்றார் மாமா. “ஊரே வந்துச்சு, நானும் வந்தேன். பெருசா எடுத்துக்காத.”

சாவுக்குக் கொண்டுவந்த மாலையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது. போடுவதற்கும் ஆள் இல்லை. சிறிது நேரம் அதை என்ன செய்வதென்று எல்லோரும் தீவிரமாக யோசித்தார்கள். கடைசியில் மாமாவே ஏணியில் ஏறிக் குழாய்க்குப் போட்டுவிட்டு இறங்கினார். “இதுதான் இன்னைக்குச் செத்துச்சு” என்றார். அம்மா எல்லோருக்கும் வரக்காப்பி வைத்தாள்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அத்தோடு போயிருக்கும். “ஒவ்வொரு தோட்டமாப் போயி, வராதவங்ககிட்டயும் நான் சாகலன்னு நீயே சொல்லிட்டு வா” என்றார். குரல் தணிந்திருந்தது, அவருக்கு நிஜமாகவே வலித்திருக்கிறது என்று தெரிந்தது. முப்பது வருஷமாக அவர் ஒரு முதல் பாட்டைக்கூட மாற்றிப் போட்டதில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் கிளம்பும்போது வேணி அவள் அப்பாவைக் கேட்காமலே என்கூட வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

சாயங்காலம்வரை சரிவு சரிவாக ஏறி இறங்கினோம். “எங்கப்பா சாகலீங்க, நான்தான் தப்பாப் பாட்டுப் போட்டுட்டேன்.” அதைக் கேட்டவர்கள் சிலர் திட்டினார்கள், சிலர் உருளைக்கிழங்கு சுட்டுக் கொடுத்தார்கள். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஆளுக்கொரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டோம். முதலில் தாளப் பக்கத்தை அவளுக்குக் கொடுத்தேன். கண்ணை மூட வழியில்லாமல் வரப்பில் நடந்துகொண்டே கேட்டாள். புருவம் மேலே போயிற்று. எத்தனை தடவை கேட்டோம் என்று தெரியாது. மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிப் போய்விட்டாள். பாட்டுப் பெட்டியை அவளிடமே கொடுத்து அனுப்பினேன்.

அப்பாவும் பிற்பாடு, வேணி லீவுக்கு வந்திருந்தபோது, அந்தப் பாட்டை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டார். “நல்லாத்தான் ஊதுறான்” என்று ஒத்துக்கொண்டார். ஆனால் மாமாவைப் பற்றி ஒரு குறை அவருக்கு வருஷக்கணக்கில் போகவே இல்லை. சண்டை தீர்ந்து, இரண்டு பேரும் பழையபடி ஒரே ஓடைத் தண்ணீரைப் பகிர்ந்துகொண்டு, ஒரே பீடியைப் பாதியாக்கிக்கொண்டு திரிந்த பிறகும், நாலு பேர் கூடினால் சொல்லிக் காட்டுவார்: “என் சாவுக்கு வந்தான்யா, மாலைய மட்டும் பெருசாக் கட்டிட்டு. கண்ணுல ஒரு சொட்டு இல்ல.” எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். அப்பா சிரிக்கிறாரா என்று நான் பார்த்ததில்லை.

இப்போது கூக்காலில் குழாய் கிடையாது. கட்டக் கூடாது என்று ஆகிவிட்டது. பெட்டி ஸ்பீக்கர் வைத்தால் அது தெருவைத் தாண்டாது, தாண்ட வேண்டிய அவசியமும் இல்லை. டவர் வந்துவிட்டது. நல்லது கெட்டது எல்லாம் போனில் வருகிறது. நான் கோடைக்கானலில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கிறேன், வேணி கோயம்புத்தூரில் லேப் டெக்னீசியன். திங்கட்கிழமை காலையில் இன்றைக்கும் ஒருவருக்கொருவர் ஒரு பாட்டு அனுப்பிக்கொள்கிறோம். அவள் இன்னும் மோட்டார்தான், நான் இன்னும் வழி தப்பினதுதான். பெயரும் ஊரும் வாசித்தவர் பிறந்த வருஷமும் தொட்டால் வந்துவிடுகின்றன. பாட்டுக்குக் கீழேயே அதை ஏற்கெனவே எத்தனை லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள் என்றும் போட்டிருக்கிறது. மொதக் காது என்ற பதவி ஒழிந்துவிட்டது. அவரவர் வீட்டில் அவரவர் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு கேட்கிறோம். அவள் புருவம் மேலே போயிற்றா என்று எனக்குத் தெரிவதில்லை.

போன மார்கழியில் ராசு மாமா இறந்துபோனார். போட்டோவோடு போனில் சேதி வந்தது. டவுனிலிருந்து நான் போய்ச் சேருவதற்குள் அப்பா ஏரியைச் சுற்றி நடந்து போய் அங்கே இருந்தார். மூன்றாம் நாள் காரியம் முடிந்து, வேணியும் நானும் ஏரிக்கரையில் நின்றிருந்தோம். அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

“அன்னைக்கு நீ குழாய்ல போட்டேல்ல. அது நம்ம பாட்டுன்னு எனக்கு அப்பவே தெரியும்டி.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“நடுவுல நடுவுல நின்னு நின்னு யாருக்கோ காத்துக்கிட்டு இருந்துச்சு. பாதிப் பாட்டுன்னு உடனே தெரிஞ்சுபோச்சு. குழாயும் எங்க பக்கம் திரும்பியிருந்துச்சு. எழவுக்கு எவன் ஏரியப் பாத்துக் கட்டுவான்? அப்பா கேட்டதும் மம்பட்டியப் போட்டுட்டு அப்பிடியே உக்காந்துட்டாரு. நான் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். சொன்னா வர மாட்டாரு, அவரு வரலன்னா நானும் வர முடியாது. பேசாமப் பூவக் கட்டிக் குடுத்தேன். ஏரியச் சுத்தி முக்கால் மணி நேரம், சின்னப் புள்ள மாதிரி ஏங்கி ஏங்கி அழுதுக்கிட்டே வந்தாரு மலரு. மச்சான் மச்சான்னு சொல்லிக்கிட்டே. உங்க வீடு தெரியவும் மூஞ்சிய ஏரித் தண்ணியில கழுவிக்கிட்டாரு. வழியெல்லாம் சொல்லிருவோம் சொல்லிருவோம்னு வந்தேன், சொல்லல. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை சிரிச்சுப் பேசிருக்கோம், அப்பவும் சொல்லல. இனி யாருகிட்டச் சொல்ல?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளே, “உங்கப்பாகிட்டயாவது சொல்லிரு” என்றாள். “அவரு இருக்காருல்ல.”

அப்பா பந்தலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேணி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். முடித்த பிறகும் ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வழி நெடுகவா?” என்று கேட்டார்.

“வழி நெடுகப்பா” என்றேன்.